71ஆம் இடத்தில் இருந்த கரித்துண்டுப் படம்: ஓர் அனிமேஷன் குறும்படத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு திரைப்பட விழாவின் அனிமேஷன் குறும்படப் பிரிவுக்கு நான்கு பேர் சேர்ந்து படங்களைத் தேர்ந்தெடுத்தோம். நான் அந்த நால்வரில் ஒருவன். மற்றவர்களில் ஒருவர் அனிமேஷன் கற்பிப்பவர், ஒருவர் படத்தொகுப்பாளர், இன்னொருவர் பல ஆண்டுகளாகத் திரையிடல்களை ஒருங்கிணைப்பவர். ஆட்களின் பெயரோ படங்களின் தலைப்போ இங்கே தேவையில்லை. எந்த இடத்தில் தவறினோம், எதை எப்போது திருத்திக்கொண்டோம் என்பதைப் பதிவு செய்வதே நோக்கம்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்டது 80 நிமிடம். ஒரே தொகுப்பு, இரண்டு காட்சிகள். முதல் காட்சிக்கு அக்டோபர் 28ஐக் கேட்டு வாங்கினோம். 1892இல் அந்தத் தேதியில்தான் எமில் ரெய்னோ பாரிஸின் கிரெவின் அருங்காட்சியகத்தில், கையால் வரைந்த சித்திரங்களை ஒளியால் திரையில் வீழ்த்தி, பொதுமக்களுக்கு முதன்முதலாக அசையும் படம் காட்டினார். பன்னாட்டு அனிமேஷன் சங்கமான அசிஃபா 2002 முதல் அந்த நாளைப் பன்னாட்டு அனிமேஷன் நாளாகக் கொண்டாடுகிறது. ரெய்னோ அன்று காட்டியவை மூன்று சிறு படங்கள். படச்சுருளைத் தன் கையாலேயே முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு காட்சியை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை அரங்கில் நின்றபடியே அவரால் தீர்மானிக்க முடிந்தது. இந்தச் செய்தியை வெறும் அலங்காரமாகத்தான் எங்கள் அறிவிப்பில் சேர்த்திருந்தோம். அரங்கில் நின்று பார்த்துத் தீர்மானிப்பதுதான் எங்கள் தேர்வில் இல்லாமல் போனது என்று பிறகு புரிந்தது.

வந்த படங்கள் 186. ஒரு படம் 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்திருந்தோம். ஆஸ்கர் விருதுக்கு 40 நிமிடம் வரை குறும்படமாக ஏற்கிறார்கள் என்றாலும், 80 நிமிடத் தொகுப்பில் ஒரே படம் பாதியை எடுத்துக்கொண்டால் தொகுப்பு என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. வந்தவற்றில் பாதிக்கு மேல் மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்கள். கணினியில் உருவாக்கிய முப்பரிமாணப் படங்கள், கையால் வரைந்தவை, பொம்மைகளையும் களிமண்ணையும் சிறுகச் சிறுக நகர்த்திப் படம் பிடித்தவை, காகித வெட்டு உருவங்கள் என எல்லா வகையும் இருந்தன.

## முதல் சுற்று

186 படங்களின் மொத்த ஓட்ட நேரம் ஏறக்குறைய 22 மணி நேரம். ஒவ்வொரு படத்தையும் நால்வரில் மூவராவது பார்க்க வேண்டும், 10க்கு மதிப்பெண் இட வேண்டும், சராசரியில் முதல் 40 இடம் பெற்றவை இரண்டாம் சுற்றுக்குப் போகும் என்று முடிவு செய்தோம். எல்லோரும் செய்வதும் இதுதான். நியாயமான முறை என்றே நம்பினோம்.

ஆளுக்கு நான்கு வாரம். அவரவர் வீட்டில், அவரவருக்குக் கிடைத்த நேரத்தில், இணைய இணைப்பு வழியாகப் பார்த்தோம். பெரும்பாலும் மடிக்கணினியில், சில சமயம் கைபேசியில்.

நான்கு வாரம் முடிந்து பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கற்பிப்பவர் ஒரு கேள்வி கேட்டார்: "நான் 9 கொடுத்த படம் இந்த 40இல் இல்லையே, எங்கே போனது?" தேடிப் பார்த்தோம். 71ஆம் இடத்தில் இருந்தது.

அது 11 நிமிடப் படம். ஒரே தாளில் கரித்துண்டால் வரைந்து, ஒரு படம் பிடித்து, கொஞ்சம் அழித்து, மேலே வரைந்து, மறுபடி படம் பிடித்துச் செய்தது. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் இந்த முறையில் படங்கள் செய்துவருவதால் அனிமேஷன் கற்றவர்களுக்கு இது பழக்கமானது. அழித்த கோடு முழுதாக மறைவதில்லை. சாம்பல் நிறக் கறையாகத் தாளில் தங்கிவிடுகிறது. நகரும் உருவத்துக்குப் பின்னால் அதன் பழைய இடங்களெல்லாம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு வந்த படத்தில் வயதான ஒருவர் தன் அறையில் ஒரு பொருளைத் தேடுகிறார். வசனம் கிடையாது. மூச்சுச் சத்தமும் காகிதம் உரசும் சத்தமும் மட்டுமே.

அதற்குக் கிடைத்த மதிப்பெண்கள் 9, 4, 3. சராசரி 5.3. மூவரும் 6 போட்ட, யாரும் விரும்பாத, யாரும் வெறுக்காத படங்கள் அதைத் தாண்டி மேலே போயிருந்தன.

## கவனித்தவை

அந்த 3 நான் போட்டது. குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்று இரவு நான் பார்த்த 23ஆவது படம் அது, கைபேசியில் பார்த்திருக்கிறேன். "இருட்டாக இருக்கிறது, எதுவும் நடக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தனை ஆண்டுகள் படம் பார்த்துப் பழகியவன் என்ற நம்பிக்கையில்தான் 23 படங்களை ஒரே மூச்சில் பார்த்தேன். எனக்கு மதிப்பெண் இடும் தகுதி அந்த நேரத்தில் இருக்கவில்லை.

பிறகு மற்ற மூவரின் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஒரே அமர்வில் பிற்பாதியில் பார்த்த படங்களுக்கு எல்லோருமே குறைவாகப் போட்டிருந்தோம். முதல் 40இல் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டவை, பளிச்சென்ற நிறங்கள் கொண்டவை, முடிவில் ஒரு சிரிப்போ திருப்பமோ உள்ளவை. அவை மோசமான படங்கள் என்று சொல்ல மாட்டேன். சிறிய திரையில், களைத்த கண்களுக்கு, எளிதில் எட்டிய படங்கள் அவை.

படத்தொகுப்பாளர் இன்னொன்றைச் சுட்டினார். முன்னோட்டத்துக்காக இணையத்தில் ஏற்றும் படம் கடுமையாகச் சுருக்கப்படுகிறது. சுருக்கும் முறை, ஒரு சட்டகத்துக்கும் (ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு சட்டகம்) அடுத்ததற்கும் இடையே நுட்பமாக மாறும் மணிமணியான பரப்புகளைத்தான் முதலில் பலி கொடுக்கும். தட்டையான நிறங்களில் செய்த கணினிப் படத்துக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. கரித்துண்டு, மணல், கண்ணாடி மேல் எண்ணெய் வண்ணம் போன்றவற்றில் செய்த படங்களுக்கோ உயிரே அந்த மணிகளில்தான். அழித்த கோட்டின் கறை அந்தப் படத்தின் கதை என்றால், எங்களுக்குக் கிடைத்த பிரதியில் கதையே இல்லை.

மதிப்பெண்களின் இடைவெளியையும் கணக்கிட்டோம். மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் மிகக் குறைந்ததற்கும் 5 அல்லது அதற்கு மேல் வேறுபாடு உள்ள படங்கள் ஆறு. ஆறும் முதல் 40க்கு வெளியே.

## எடுத்த முடிவுகள்

இரண்டாம் சுற்றில் மதிப்பெண்ணை அடியோடு விட்டுவிட்டோம். முதல் 30 படங்களோடு, கருத்து பிளந்த அந்த ஆறையும் சேர்த்து 36 படங்களை எடுத்துக்கொண்டோம். அவற்றின் இயக்குநர்களிடம் சுருக்கப்படாத பிரதியைக் கேட்டோம். திரையிடப்போகும் அதே அரங்கில் இரண்டு மாலைகள், நால்வரும் சேர்ந்து, இருட்டில், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பார்த்தோம்.

கூடவே ஒரு விதி வைத்தோம். நால்வரும் ஆளுக்கு ஒரு படத்தை, மற்ற மூவர் மறுத்தாலும், தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம். ஏன் வைக்க வேண்டும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த விதியைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. ஒருங்கிணைப்பாளருக்கு இது தனிமனித ருசிக்குக் கதவு திறப்பதாகப் பட்டது. கற்பிப்பவரின் பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: நால்வரும் சம்மதித்த படங்கள் மட்டுமே உள்ள தொகுப்பில் நால்வரில் ஒருவருடைய முகமும் தெரியாது. முடிவில் மூவர் அந்த உரிமையைப் பயன்படுத்தினோம், ஒருங்கிணைப்பாளர் பயன்படுத்தவில்லை.

## அரங்கில் தெரிந்தது

கரித்துண்டுப் படம் திரையில் ஓடியபோது நான் வெட்கப்பட்டேன். முதியவர் ஒரு இழுப்பறையைத் திறக்கிறார், மூடுகிறார், நகர்கிறார். அவர் நின்ற இடமெல்லாம் சாம்பலாகத் தாளில் தங்குகிறது. படம் போகப் போக அறை முழுக்க அவருடைய கறைகள். இறுதியில் எது இப்போதைய உருவம், எது பழையது என்று பிரிக்க முடியவில்லை. மறதியைப் பற்றிய படம் என்று எங்கும் சொல்லப்படவில்லை, சொல்லவும் தேவையில்லை. கைபேசியில் நான் பார்த்தது ஒரு கறுப்புச் சதுரம் மட்டுமே.

எதிர்த்திசையிலும் நடந்தது. 8க்கு மேல் வாங்கிய மூன்று நகைச்சுவைப் படங்கள் இரண்டாம் முறை பார்க்கையில் சுருங்கிப்போயின. திருப்பம் தெரிந்த பிறகு பார்க்க அவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டை விட்டோம், ஒன்றை வைத்துக்கொண்டோம்.

எங்களை உண்மையிலேயே அதிரவைத்தது வேறொரு படம். நான்கு நிமிட அருவப் படம். வடிவங்களும் தாளமும் மட்டும். மடிக்கணினியில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அரங்கில் அது ஓடத் தொடங்கி இரண்டாம் நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் கண்களை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். தலைவலி. படத்தை நிறுத்திச் சட்டகம் சட்டகமாக எண்ணினோம். இருபது நொடி நீளமுள்ள ஒரு பகுதியில் இரண்டு சட்டகம் வெள்ளை, இரண்டு சட்டகம் கறுப்பு என மாறி மாறி வந்தது. நொடிக்கு 24 சட்டகம் என்றால், நொடிக்கு ஆறு சிமிட்டல்கள். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்ட நெறிகள் நொடிக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்கின்றன. திரை எவ்வளவு பெரிதாகப் பார்வையை நிறைக்கிறதோ, அறை எவ்வளவு இருட்டோ, ஆபத்து அவ்வளவு கூடுகிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி அனிமேஷன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி ஒளிர்ந்த காட்சியைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அனிமேஷனோடு தொடர்புடைய எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு. அறிந்திருந்தோம். ஆனாலும் ஒரு மாதம் முழுக்க எங்களில் யாரும் அந்தப் படத்தில் சிமிட்டல்களை எண்ணவில்லை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. படத்தை விட்டுவிடலாம், எச்சரிக்கையோடு அப்படியே காட்டலாம், அல்லது இயக்குநரிடம் சொல்லிப் பார்க்கலாம். நாங்களே அந்தப் பகுதியை மங்கலாக்குவது என்ற பேச்சும் எழுந்தது. அதை உடனே ஒதுக்கினோம். இன்னொருவர் செய்த படத்தில் கைவைக்கத் தேர்வுக் குழுவுக்கு உரிமை இல்லை. இயக்குநருக்கு எண்களோடு எழுதினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. தான் இதை யோசித்ததே இல்லை என்றும், திருத்திய பிரதி அனுப்புவதாகவும். புதிய பிரதியில் ஒரு சுற்று எட்டுச் சட்டகமாக நீண்டிருந்தது, வெள்ளை சற்றுத் தணிந்திருந்தது. நொடிக்கு மூன்று. அதையும் எச்சரிக்கையோடு, தொகுப்பின் கடைசிப் படமாக வைத்தோம். வேண்டாதவர்கள் யாரையும் தாண்டிப் போகாமல், எதையும் இழக்காமல் முன்கூட்டியே எழுந்து செல்லலாம் என்பதே காரணம்.

## கடைசிக் கட்ட வேலைகள்

இறுதிப் பட்டியலுக்கு அருகில் வந்த படங்களில் ஐந்து, தாத்தா அல்லது பாட்டியின் நோய் அல்லது மறைவைப் பற்றியவை. ஒவ்வொன்றும் நல்ல படம். ஐந்தையும் வைத்தால் மூன்றாவதிலேயே பார்வையாளரின் மனம் மரத்துவிடும். இரண்டை விட்டோம். இது அந்தப் படங்களின் குறை இல்லை. ஆனாலும் அவற்றின் இயக்குநர்களுக்கு மற்றவர்களுக்கு அனுப்பிய அதே பொதுவான மறுப்புக் கடிதமே போனது.

தொழில்நுட்பத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரித்துண்டுப் படம் நொடிக்கு 25 சட்டகத்தில் செய்யப்பட்டது. அரங்கின் டிஜிட்டல் புரொஜெக்டரில் ஓட்டுவதற்கான டிசிபி கோப்பை நாங்கள் 24இல் தயாரித்தோம். மென்பொருள் நொடிக்கு ஒரு சட்டகத்தைத் தூக்கி எறிந்து கணக்கைச் சரிசெய்திருந்தது. ஒவ்வொரு சித்திரமும் இரண்டு சட்டகம் நிற்கும் படத்தில் இப்படி ஒன்று விழுந்தால் அசைவு நொடிக்கொரு முறை நொண்டும். படத்தொகுப்பாளரின் கண்ணில்தான் அது பட்டது. எல்லாச் சட்டகங்களையும் வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் தணித்தோம். சுருதி மாறாமல் ஒலியையும் அதே அளவுக்கு நீட்டினோம். 11 நிமிடப் படம் 11 நிமிடம் 27 நொடி ஆனது. இயக்குநரின் சம்மதம் பெற்ற பிறகே இதைச் செய்தோம்.

மொத்தம் 12 படங்கள்.

## முதல் காட்சி

கரித்துண்டுப் படத்தை நான்காவதாக வைத்திருந்தோம். அதற்கு முந்தையது தொகுப்பிலேயே அதிகச் சத்தமான நகைச்சுவைப் படம். மாறுதல் இருந்தால் பார்வையாளருக்கு அலுக்காது என்று நினைத்தோம். அது தவறான கணக்கு.

நகைச்சுவைப் படம் ஓடும்போது ஒலி காதைக் குத்தியது. சிறிய ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்பட்ட ஒலி அது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உச்சத்தில் இருந்தது. புரொஜெக்டரை இயக்கியவர் ஒலியைக் குறைத்தார். அடுத்த படத்துக்கு மறுபடி கூட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மூச்சுச் சத்தமும் காகித உரசலும் யார் காதிலும் விழவில்லை. முந்தைய படத்தின் சிரிப்பு இன்னும் அடங்காத அரங்கு, முதியவர் இழுப்பறையைத் திறந்ததும் சிரித்தது; அடுத்த நகைச்சுவை வரப்போகிறது என்று காத்திருந்தது. வரவில்லை. இருமல், கைபேசி வெளிச்சம். ஒன்பது பேர் எழுந்து போனார்கள். அன்றைய பார்வையாளர் வாக்கில் அந்தப் படம் கடைசி.

சிமிட்டல் எச்சரிக்கை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் மட்டுமே அச்சாகியிருந்தது. விளக்கு அணைந்த அரங்கில் அதை யார் படிப்பார்கள்? யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது எங்கள் கவனத்தால் ஆகாமல் போனதில்லை.

வாசலில் இன்னொரு பிரச்சினை. அறிவிப்பில் அனிமேஷன் என்று மட்டும் போட்டிருந்ததால் சிறு குழந்தைகளோடு குடும்பங்கள் வந்திருந்தன. தொகுப்பில் போரைப் பற்றிய ஒரு படம் இருந்தது. எந்தப் படம், எத்தனை நிமிடம் என்று வாசலில் ஒவ்வொருவரிடமும் சொன்னோம். இரண்டு பெற்றோர் அந்த நேரத்தில் குழந்தைகளோடு வெளியே காத்திருந்தார்கள்.

## இரண்டாம் காட்சி

இடையில் ஒரு நாள் இருந்தது. 12 படங்களும் அதே படங்கள்தான். வரிசையை மாற்றினோம். கரித்துண்டுப் படத்தை இரண்டாவதாகக் கொண்டுவந்தோம். அதற்கு முன்னால், ஒலியே இல்லாத இரண்டு நிமிடக் கோட்டோவியப் படம். இரண்டுக்கும் நடுவே எட்டு நொடி வெறும் இருட்டு. அரங்கின் ஒலியளவை ஒலி மிகக் குறைந்த படத்துக்கு ஏற்றவாறு நிலைநிறுத்திவிட்டு, சத்தமான படங்களின் கோப்பிலேயே ஒலியைத் தணித்தோம், அந்தந்த இயக்குநரிடம் கேட்டுக்கொண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒலியளவு, இடைவெளி, விளக்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இயக்குபவர் கையில் கொடுத்தோம். கடைசிப் படத்துக்கு முன்னால் விளக்கைப் பாதி ஏற்றி, ஒருங்கிணைப்பாளரே முன்னால் வந்து எச்சரித்தார். நான்கு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கரித்துண்டுப் படத்தின்போது யாரும் எழவில்லை. பக்கத்து இருக்கையின் மூச்சுக்கும் படத்தின் மூச்சுக்கும் வேறுபாடு தெரியாத அமைதி. காட்சிக்குப் பின் நடந்த பேச்சில் முதல் கேள்வியே அந்த அழிந்த கோடுகளைப் பற்றியதாக இருந்தது. வாக்கில் நான்காம் இடம். முதல் மூன்றும் நகைச்சுவைப் படங்களே. அதில் வருத்தம் இல்லை. இரண்டு நாளும் வந்தவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால் எல்லா மாற்றத்தையும் வரிசையின் கணக்கில் எழுத மாட்டேன். ஒலியின் பங்கு பெரிது என்பதே என் எண்ணம்.

## இனி மாற்றப்போவது

முதல் சுற்றில் மதிப்பெண் தொடரும். 186 படங்களையும் அரங்கில் பார்க்க நேரம் கிடையாது. ஆனால் சராசரிக்குப் பக்கத்தில் மதிப்பெண்களின் இடைவெளியும் பட்டியலில் நிற்கும். ஒருவர் 9 போட்ட படம், சராசரி எதுவானாலும், அரங்குக்குப் போகும். ஒரே அமர்வில் பன்னிரண்டு படத்துக்கு மேல் கூடாது, கைபேசியில் பார்க்கவே கூடாது. கரித்துண்டு, மணல், வண்ணம் போன்ற பொருட்களில் செய்த படங்களுக்கு முதல் சுற்றிலேயே நல்ல பிரதியைக் கேட்போம். விண்ணப்பப் படிவத்தில் சிமிட்டும் ஒளி உண்டா என்ற கேள்வி வரும். இயக்குநர் இல்லை என்று எழுதினாலும் நாங்களும் எண்ணிப் பார்ப்போம்.

படங்களின் வரிசையை இரண்டாம் சுற்று முடியும்போதே அமைத்து, ஒரு முறை முழுத் தொகுப்பையும் அரங்கில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். முதல் காட்சிக்கு வந்தவர்கள் எங்கள் ஒத்திகைக்கு வந்தவர்களாக ஆகிவிட்டார்கள். அவர்களுக்கும், முதல் காட்சியன்று ஊரிலிருந்து வந்து அரங்கில் உட்கார்ந்திருந்த கரித்துண்டுப் படத்தின் இயக்குநருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இரண்டாம் காட்சிக்கு அவரால் வர முடியவில்லை.

தனி உரிமை விதியைப் பற்றி நால்வருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அடுத்த ஆண்டும் வைத்துப் பார்ப்பதாக முடிவு.

தாத்தா பாட்டியைப் பற்றியவற்றில் விட்டுவிட்ட அந்த இரண்டு படங்களில் ஒன்றின் இயக்குநர், தன் படத்தில் என்ன குறை என்று கேட்டு எழுதியிருந்தார். குறை எதுவும் இல்லை, அதே பொருளில் ஐந்து படங்கள் வந்திருந்தன, 80 நிமிடத்தில் மூன்றுக்கே இடமிருந்தது என்று உள்ளதை எழுதினோம். இன்னொருவருக்கும், அவர் கேட்காமலே, அதே கடிதத்தை அனுப்பினோம். முதலாமவர் அந்தப் படத்தை அடுத்த ஆண்டுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறார். படம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அனுப்பலாம் என்பது எங்கள் விதி, அதற்குள் வருகிறது. நேராக அரங்கில் பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதை முதலாவதாக எழுதி வைத்திருக்கிறோம்.